நாற்பதில் ஒரு பங்கு: ஒரு போகத்தை நோக்கத்தோடு நடத்தும் முறை

வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் திகதியில் தொடங்குவது, நாளுக்கு எத்தனை நிமிடம் கொடுப்பது, முடிந்ததை எப்படி அறிவது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெள்ளாமை செய்கிறவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. கிழக்கிலங்கையில், படுவான்கரையிலோ சம்மாந்துறைப் பக்க வட்டைகளிலோ (வயல்வெளிகளிலோ) மூன்றரை மாத நெல்லை விதைத்தால் ஏறத்தாழ 105 நாளில் வெட்டு, அதுதான் ஒரு போகம். வீசி விதைக்க ஏக்கருக்கு 2 புசல், கிட்டத்தட்ட 42 கிலோ. ஏக்கருக்கு 80 புசல் விளைந்தால், விதைக்கு எடுத்து வைப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கு. முஸ்லிம்கள் காசுக்கும் வியாபாரப் பொருளுக்கும் கடமையாகக் கொடுக்கும் ஸக்காத்தும் 2.5 வீதம், அதே நாற்பதில் ஒன்று. (விளைச்சலுக்கு ஸக்காத் கணக்கு வேறு. மழையை நம்பி விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று.) இரண்டும் ஒரே அளவாய் அமைந்தது தற்செயல். ஆனாலும் அது நல்ல அளவு. எடுத்து வைத்தவருக்கு வலிக்காது, போட்ட இடத்தில் முளைக்காமலும் போகாது.

அதையே நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் 16 மணித்தியாலம் 960 நிமிடம். நாற்பதில் ஒரு பங்கு 24 நிமிடம். 105 நாளில் கிழமைக்கு ஒரு நாள் விட்டாலும் 90 நாள், மொத்தம் 36 மணித்தியாலம். இந்த வழிகாட்டி அந்த 36 மணித்தியாலத்தை எங்கே, எப்படி விதைப்பது என்பதைப் பற்றியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கிற பிள்ளைக்கும், கட்டார் விசாவுக்குக் காத்திருப்பவருக்கும், பென்சன் எடுத்து வீட்டோடு இருக்கும் ஆசிரியருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

தேவையானவை ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பேனை, சுவரில் தொங்கும் ஒரு கலண்டர். போனில் குறிக்க வேண்டாம். குறிக்கவென்று கையில் எடுத்த போன் அரை மணித்தியாலம் கழித்துத்தான் கீழே வரும்.

முதல் 14 நாள்: தூற்றிப் பார்த்தல்

எதையும் மாற்றாமல் இரண்டு கிழமை எழுத வேண்டும், நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் மூன்று கோடு இழுத்து நேரம், செய்தது, யாருக்காகச் செய்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, படுக்கப்போகுமுன் ஒரு தடவை, ஐந்து ஐந்து நிமிடம் போதும். இரவில் மட்டும் எழுதினால் காலையில் கரைந்த நேரம் நினைவுக்கு வராது. நாள் முழுக்க ஓடித் திரிந்த மாதிரித்தான் தோன்றும்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஒரு வீட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம். 5.10 எழும்பி முற்றம் கூட்டினது, வீட்டுக்கு. 5.30 முதல் 6.10 வரை போன், ஒருவருக்கும் இல்லை. 6.10 முதல் 7.20 பிள்ளைகளை வெளிக்கிடுத்தி அனுப்பினது, பிள்ளைகளுக்கு. 8.00 முதல் 4.15 கந்தோர், சம்பளத்துக்கு. 4.15 முதல் 5.05 பஸ் பார்த்து நின்றது, ஒருவருக்கும் இல்லை. 5.30 முதல் 6.00 பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, அந்தப் பிள்ளைக்கு. 8.30 முதல் 10.40 நாடகமும் போனும், ஒருவருக்கும் இல்லை. மூன்றாவது கோட்டை வெறுமையாக விடக்கூடாது. ‘ஒருவருக்கும் இல்லை’ என்றால் அதையே எழுதுங்கள். போன் எவ்வளவு நேரம் தின்றது என்பதை மட்டும் ஊகிக்க வேண்டாம். அதன் செட்டிங்ஸுக்குள் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்ற கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்து எழுதுங்கள்.

பதினைந்தாம் நாள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துப் போடுங்கள். இன்றைய சோற்றுக்கான வேலைக்கு ‘நெ’, நெல். சமையல், கந்தோர், கடை, வயல் எல்லாம் இதில் அடங்கும். பலன் பிறகு வரும் வேலைக்கு ‘வி’, விதைநெல். பிள்ளையோடு பேசினது, ஒன்றைப் படித்தது, நடந்தது, ஒருவரைப் போய்ப் பார்த்தது. இரண்டிலும் சேராதது ‘ப’, பதர்.

இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். ஓய்வைப் பதர் என்று குறித்து, பிறகு தன்னைத்தானே ஏசிக்கொள்வார்கள். மத்தியான வெயிலில் மாமரத்துக்குக் கீழே பாய் போட்டுப் படுத்த அரை மணித்தியாலம் பதர் இல்லை. பின்னேரம் கோயில் வெளியிலோ பள்ளிவாசல் திண்ணையிலோ நாலு பேரோடு கதைத்திருந்ததும் இல்லை. அளவுகோல் இதுதான்: அது முடிந்து எழும்பும்போது உடம்போ மனமோ கொஞ்சம் இலேசாக இருந்ததா? இருந்தால் அது நெல். இருந்ததை விடக் களைத்துப் போய் எழும்பினால் பதர்.

பதரைக் கண்டதும் எரிக்கப் போகாதீர்கள். நெல் ஏன் பதராகிறது? பூக்கும் நேரத்தில் தண்ணீர் காணாமல் போயிருக்கும், அல்லது பால் பிடிக்கும் நேரம் மூட்டுப்பூச்சி உறிஞ்சியிருக்கும். நாளிலும் அப்படித்தான். பதர் விழுந்த வரிக்கு மேலே இருக்கும் வரியைப் பாருங்கள். இரவு இரண்டு மணித்தியாலம் போனில் போனவருக்கு அதற்கு முன்னே பேச ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். விடிய நாற்பது நிமிடம் போனவருக்கு, எழும்பினதும் எதில் கை வைப்பது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தக் குறையைத் தீர்த்தால் பதர் தானாகக் குறையும். ‘இனிப் போனே பார்க்கமாட்டேன்’ என்று சபதம் போட்டவர்கள் பெரும்பாலும் நாலாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். குறை அப்படியே கிடக்கிறதே.

எதை விதைப்பது

‘உனக்குப் பிடித்தது என்ன’ என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. பிடித்தது கிழமைக்கு ஒருக்கால் மாறும். அதற்குப் பதிலாக, கொப்பியில் புதிய பக்கம் எடுத்து இந்த மூன்றுக்கும் பெயர் பெயராக எழுதுங்கள்.

ஒரு கிழமை நான் காணாமல் போனால் சாப்பாட்டுக்கோ சம்பளத்துக்கோ இல்லாமல் என்னைத் தேடி வருபவர் யார்? கடந்த மூன்று மாதத்தில் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தவர்கள் யார், கேட்டது என்ன? (கடிதம் எழுதித்தரச் சொன்னார்கள், மோட்டார் பார்க்கச் சொன்னார்கள், புள்ளைக்குத் தலைப்பேன் எடுக்கச் சொன்னார்கள், எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.) ஒரு மரண வீட்டில் இருந்து திரும்பி வரும்போது, ‘இதைச் செய்யாமல் விட்டேனே’ என்று எனக்குத் தோன்றுவது எது?

மூன்று பட்டியலிலும் ஏதோ ஒரு பெயரோ ஒரு வேலையோ திரும்பத் திரும்ப வரும். அதுதான் இந்தப் போகத்துக்கு. இரண்டு வந்தால் ஒன்றை அடுத்த போகத்துக்கு வையுங்கள். மூன்று வயலை ஒரே மழைக்கு விதைக்கப் போனவருக்கு மூன்றிலும் புல்தான் மிஞ்சும்.

இனி அதை ஒரே வசனமாக எழுத வேண்டும். வசனத்தில் திகதி, பொருள், ஆள் என மூன்றும் இருக்க வேண்டும். ‘நல்ல தகப்பனாக இருப்பேன்’ என்பதில் ஒன்றும் இல்லை, அது முடிந்ததா இல்லையா என்று ஒருவரும் சொல்ல முடியாது. ‘மாசி 15க்குள், என் இளைய மகனுக்குச் சைக்கிள் ரயர் ஒட்டவும், செயின் மாட்டவும், பிரேக் இறுக்கவும் பழக்கி, அவனே தனியாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்’ என்பதில் எல்லாம் இருக்கிறது. ‘பொங்கலுக்கு முன், அம்மம்மா வைக்கும் 12 கறியை அளவோடு எழுதி, தங்கச்சி அதைப் பார்த்து ஒன்றைச் சமைக்க வேண்டும்.’ ‘பங்குனிக்குள், தெருப்பலகையும் கந்தோர்ப் படிவமும் வாசிக்கும் அளவுக்குச் சிங்கள எழுத்துப் பழகி, அம்பாறைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஒருக்கால் துணை இல்லாமல் போய் வர வேண்டும்.’ கடைசியில் ஓர் ஆள் அல்லது ஒரு செயல் நிற்பதைக் கவனியுங்கள். அறுவடையை அளக்கும் மரைக்கால் அதுதான்.

சிலருக்கு நோக்கத்தைத் தேட வேண்டிய நிலைமையே இல்லை, ஊர் அதைத் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது. இந்தக் கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கு. மகள் பிறந்த நாளில் இருந்து தகப்பனின் கணக்கு அத்திவாரம், சுவர், கூரை என்று ஓடும். அதற்காகப் பத்து வருடம் வளைகுடாவில் நிற்பவர்கள் உண்டு. இதைப் பாரம் என்று சொல்லி இறக்கி வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒன்றை உறுதியாக ஏற்றுக்கொண்டவனுக்கு நாள் விடிவதில் ஒரு பொருள் இருக்கிறது. பிசகு வேறு இடத்தில். வீடு முடிந்து, ஆள் ஊருக்கு வந்து, புதுத் திண்ணையில் குந்தியிருக்கும்போது மகளுக்கு அவரோடு பேச ஒன்றும் இருப்பதில்லை. கடமைக்குள்ளேயே விதைநெல் எடுத்து வைக்காததால் வருவது அது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வழி எளிது. கிழமைக்கு ஒரு தடவை 24 நிமிடம், மகளோடு மட்டும் பேச வேண்டும். காசு, சீமெந்து, மேசன் கூலி எல்லாம் மனைவியோடு பேசும் வேறு அழைப்புக்கு. ‘படிச்சியா, சாப்பிட்டியா’ என்பதோடு நிறுத்தாமல், போன கிழமை அவள் சொன்ன ஒன்றை நினைவு வைத்து அதில் இருந்து தொடங்க வேண்டும். அதற்காக அழைப்பு முடிந்ததும் ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘கூட்டாளியோட கோபம். சித்திரம் கீறுறாள்.’

ஆரம்பக் கூட்டம்

போகம் தொடங்குமுன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, எந்தத் திகதியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பது, கடைசி விதைப்பு எப்போது, மாடுகளை எந்த நாளுக்குள் வட்டையை விட்டு அப்புறப்படுத்துவது என்று முடிவெடுப்பார்கள். திகதி எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டதால் பிறகு ஒருவர் தனியே இழுத்தடிக்க முடியாது.

வீட்டிலும் அப்படி ஒரு கூட்டம் போடுங்கள். ஒரு போயா (முழுநிலா) விடுமுறை நாளில், தேத்தண்ணியோடு, இருபது நிமிடம். சொல்ல வேண்டியது மூன்று. இதைத்தான் செய்யப் போகிறேன். இந்த நேரம் எனக்கு வேண்டும். இந்த நாளில் முடியும். மாடு அப்புறப்படுத்துவதும் இங்கேயே நடக்க வேண்டும்: அந்த 24 நிமிடத்துக்குப் போன் யாரிடம் இருக்கும், தொலைக்காட்சிச் சத்தம் எப்படி, வாசலில் ஆள் வந்தால் யார் எழும்புவது. கூட்டம் போடாமல் இரகசியமாகத் தொடங்கினால், மூன்றாம் நாள் ‘சும்மாதானே இருக்கிறீங்க, கடைக்கு ஒருக்காப் போயிட்டு வாங்க’ என்ற குரல் வரும். குற்றம் அந்தக் குரலில் இல்லை.

நேரத்தைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் காலை 11 முதல் பின்னேரம் 3 வரை எதையும் வைக்காதீர்கள், தலை வேலை செய்யாது. விடிய 5 மணி, சுபஹ் தொழுகை முடிந்த கையோடு, அல்லது கோயில் மணி கேட்கும் நேரம் நல்லது. பால்குடிப் பிள்ளை உள்ள தாய்க்கு அது சரிவராது. பிள்ளை தூங்கும் பகல் தூக்கத்தின் முதல் 24 நிமிடத்தை எடுத்துவிட்டு மற்ற வேலைக்குப் போகட்டும். கடைசியில் மிஞ்சுவதை எடுக்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. மாரியில் மின்சாரம் போகும், சார்ஜ் விளக்கு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கூத்துப் பழகுகிற ஒழுங்கு

105 நாளைச் சமமாகப் பிரித்து நடக்கலாம் என்று நினைப்பவர்கள் நடுவில் தொலைந்துவிடுவார்கள். மட்டக்களப்பில் இதற்குக் கைப்பழக்கமான ஒழுங்கு ஒன்று ஏற்கனவே இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியில் எதுவானாலும், கூத்து மாதக்கணக்கில் பழகப்படுகிறது. ஆடுகிறவர்களில் பலர் பகலில் வயலுக்கோ கடலுக்கோ போகிறவர்கள். முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊர் அறிய, ஏட்டில் உள்ள அவரவர் பகுதி கையில் கொடுக்கப்படும். பிறகு இரவு இரவாகப் பழக்கம். நடுவில் சதங்கை அணி: காலில் சதங்கை கட்டி, பழகின அளவுக்கு ஊர்முன் ஆடுவது. அதன்பின் திரும்பவும் பழக்கம், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம்.

15 கிழமைக்கு அதை இப்படி வைக்கலாம். முதல் கிழமை சட்டம் கொடுத்தல். வேலையைத் துண்டாக்கி எழுதுங்கள், ஒரு துண்டு 24 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ‘சிங்களம் படிப்பது’ துண்டு இல்லை. ‘உயிரெழுத்தில் முதல் நாலு, ஒவ்வொன்றும் இருபது தரம்’ என்பது துண்டு. இரண்டு முதல் ஏழாம் கிழமை வரை பழக்கம். எட்டாம் கிழமை சதங்கை அணி. ஒன்பது முதல் பதின்மூன்று வரை மீண்டும் பழக்கம். பதினாலில் முதலில் இருந்து முடிவு வரை நிறுத்தாமல் ஒரு தடவை. பதினைந்தில் அரங்கேற்றம், வசனத்தில் எழுதிய அந்த ஆள் முன்.

கைவிடப்படுவது பெரும்பாலும் எட்டாம் கிழமைதான். ‘இன்னும் சரியாக வரல்ல, வந்தபிறகு காட்டுவம்’ என்று ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்த வேலைக்குத் திருத்தம் வராது. திருத்தம் வராத வேலை ஆறாவது, ஏழாவது கிழமைக்குப் பிறகு அலுக்கும். அலுத்ததும் ‘இது எனக்குச் சரிவராது’ என்ற தீர்ப்பு. அரைகுறையாக இருக்கும்போதே காட்டுவதற்குத்தான் சதங்கை அணி. 12 கறியில் 5 எழுதியிருந்தால் அந்த ஐந்தைத் தங்கச்சியிடம் கொடுங்கள். ‘உப்பு எவ்வளவு என்று இல்லையே’ என்பாள். மிச்சம் ஏழும் சரியாக வர அந்த ஒரு கேள்வி போதும்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மாதிரி ஒருவரும் வேண்டும், பிழையை முகத்துக்கு நேரே சொல்கிறவர். கணவனையோ மனைவியையோ அண்ணாவியார் ஆக்காதீர்கள், மூன்றாம் கிழமை சண்டை வரும். இரு கிழமைக்கு ஒருக்கால் பத்து நிமிடம் தரக்கூடிய, உங்களை விடப் பத்துப் படி முன்னால் நிற்கிற ஆள் போதும். மிகப் பெரிய ஆளைப் பிடித்தால் அவருக்கு நேரம் இருக்காது, உங்களுக்குக் கூச்சம் போகாது.

ஒரு போகத்தில் முடியாத வேலைகளும் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பாடசாலை நிர்வாகம், சஞ்சிகை ஆசிரியப் பணி, பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவி இவற்றுக்கு நடுவேதான் பண்டைய யாழ் என்ற இசைக்கருவி பற்றிய ஆய்வை வருடக்கணக்கில் கொண்டு போனார். அதன் பலனான யாழ் நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவ்வளவு நீண்ட வேலை உங்களிடம் இருந்தாலும் போகம் போகமாகவே வெட்டி எடுங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் ஓர் அரங்கேற்றம் இருக்க வேண்டும், அது ஓர் அத்தியாயத்தை ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தாலும் சரி.

காசுப் பக்கம்

கிழமைக் கிழமை நுண்கடன் கட்டும் வீட்டில், கட்டும் நாளுக்கு முதல் நாள் ஒரு வேலையும் ஓடாது. அதனால் கொப்பியில் நாலு பக்கம் காசுக்கு. என்ன கடன், யாருக்கு, எந்த நாள், எத்தனை தவணை மிச்சம். எழுதி வைத்தாலே பாதிப் பயம் அடங்கும், ஏனென்றால் மனதில் கடன் எப்போதும் உள்ளதை விடப் பெரிது.

சீட்டில் இருந்தால் ஒரு விதி: ஒரு சீட்டுக் கட்ட இன்னொரு சீட்டில் சேரக்கூடாது. 12 பேர் 5,000 வீதம் கட்டினால் மாதம் ஒருவருக்கு 60,000. முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. எதற்காகச் சேர்கிறோம் என்று தெரிந்து இடத்தைக் கேளுங்கள்.

கொடுப்பதற்கும் நாற்பதில் ஒன்று நல்ல தொடக்கம். மாதம் 60,000 வருமானத்தில் 1,500. ஸக்காத் கடமையானவர் அதற்குரிய கணக்கைத் தனியே பார்க்க வேண்டும், இது அதற்குப் பதில் ஆகாது. சம்பளம் கைக்கு வந்த அன்றே ஒரு கவரில் போட்டு வைத்தால், கேட்டு வருபவர் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் சங்கடம் இருக்காது. கவர் வெறுமையானால் ‘இந்த மாதம் முடிஞ்சுது, வாற மாதம் பாப்பம்’ என்று குற்ற உணர்ச்சி இல்லாமல் சொல்லலாம்.

முப்பத்தொன்றுக்குப் பிறகு

மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தியானத்தையும் தனிமையையும்தான் சொல்வார்கள். நம் ஊர்களில் மனம் நிறைவது பெரும்பாலும் இன்னொரு வீட்டின் திண்ணையில். அதையும் ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது.

மரண வீட்டுக்கு முதல் நாள் ஊரே போகும். பந்தல், கதிரை, தேத்தண்ணி எல்லாவற்றையும் மரண உதவிச் சங்கம் பார்த்துக்கொள்ளும். எட்டாம் நாளுக்கும் ஆள் வரும். 31ஆம் நாள் சாப்பாட்டோடு கூட்டம் கலையும். 32ஆம் நாள் காலையில் அந்த வீட்டு முற்றத்தில் ஒருவரும் இல்லை. முஸ்லிம் வீடுகளில் மூன்று நாளோடு வரவு குறையும், ஆனால் கணவனை இழந்தவருக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் நாலு மாதம் பத்து நாள். அந்த நீண்ட இடைவெளியில்தான் ஆள் தேவை. கலண்டரில் மரணத் திகதியில் இருந்து 45ஆம் நாளைக் குறித்து வைத்து அன்றைக்குப் போங்கள். இத்தாவில் இருப்பவர் வீட்டுக்குப் பெண்கள் போவதே முறை.

இருபது நிமிடம் போதும். சோடாப் போத்தல் வேண்டாம், சீனியும் தேயிலையும் கொண்டு போங்கள். அந்த வீட்டில் வந்தவர் போனவருக்குத் தேத்தண்ணி ஊற்றியே அது முடிந்திருக்கும். ‘ஏதும் உதவி வேணுமெண்டா சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள், ஒருவரும் சொல்லமாட்டார்கள். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘அக்கா, வங்கிக் கடதாசி ஏதும் கிடக்கா? நாளைக்கு நான் டவுனுக்குப் போறன், மரணச் சான்றிதழ்ப் பிரதி ரெண்டும் எடுத்துத் தாறன்.’ கிராம சேவகர் கையெழுத்து, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதிப் படிவம், இவைதான் அந்த நாளில் அந்த வீட்டை அழுத்துபவை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மனம் நோகும் என்று எல்லோரும் பெயரைத் தவிர்ப்பதால், அந்தப் பெயரைக் கேட்டே பல நாள் ஆகியிருக்கும்.

போகத்துக்கு இப்படி மூன்று வீடு, அதற்கு மேல் எடுத்தால் சடங்காகிவிடும்.

வெள்ளம் வந்தால்

மாரியில் வெள்ளம் வருவது ஊருக்குப் புதிதில்லை. விதைத்துக் கொஞ்ச நாளில் பயிர் தண்ணீருக்குள் போய் அழுகினால் விவசாயி என்ன செய்வார்? மூன்றரை மாத நெல் போன இடத்தில் மூன்று மாத நெல்லையோ இரண்டரை மாத நெல்லையோ திரும்ப விதைப்பார். நாளை இழுத்தால் குளத்துத் தண்ணீர் நிறுத்தும் திகதி முந்திவிடும். சுற்று வயல் எல்லாம் வெட்டியான பிறகு தனியாக நிற்கும் வயலைப் பூச்சியும் குருவியும் மாடும் விட்டு வைக்காது.

நோய், பிள்ளையின் பரீட்சை, திடீர்ப் பயணம் என்று உங்கள் போகத்திலும் வெள்ளம் வரும். இரண்டு கிழமை போய்விட்டால் முடிவுத் திகதியைத் தொடாதீர்கள், வேலையைக் குறையுங்கள். 12 கறி 7 ஆகட்டும். திகதியை ஒருக்கால் தள்ளினால் அடுத்த முறை தள்ளுவது இன்னும் இலேசு, பிறகு அது பெயருக்கு மட்டும் திகதி.

ஒரு நாள் தவறினால் மறுநாள் 48 நிமிடம் செய்து ஈடுகட்டவும் வேண்டாம். நாற்பதில் இரண்டு பங்கு வலிக்கத் தொடங்கும். தவறிய நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரே கிழமையில் நாலு புள்ளி வந்தால் மட்டும் நிறுத்தி யோசியுங்கள். நேரம் பிழையா, துண்டு பெரிதா, அல்லது உண்மையில் வேறொருவருக்காக எடுத்த வேலையா? முதல் இரண்டும் என்றால் மாற்றலாம். மூன்றாவது என்றால் அரங்கேற்ற ஆளிடம் போய் உள்ளதைச் சொல்லி விட்டுவிடுங்கள். 1978 சூறாவளிக்குப் பிறகும் 2004 கடற்கோளுக்குப் பிறகும் இந்தக் கரையில் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கினவர்கள் இருக்கிறார்கள். ஒரு போகத்தை விடுவதில் கேவலம் இல்லை.

நெற்சூடு அடித்த பிறகு

105ஆம் நாள் அல்லது அதற்கு அடுத்த ஞாயிறு, கொப்பியோடு குந்துங்கள். முதலில் வசனத்தை வாசியுங்கள். திகதி, பொருள், ஆள் மூன்றும் வந்ததா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். பிறகு மூன்று நாளைக்கு மட்டும் பழையபடி நேரம் எழுதிப் பார்த்து, முதல் 14 நாளோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது கோட்டில் ‘ஒருவருக்கும் இல்லை’ எத்தனை தடவை வந்தது, இப்போது எத்தனை? இந்த எண்தான் உண்மையான விளைச்சல். அரங்கேற்றம் சுமாராகப் போயிருந்தாலும் இது குறைந்திருந்தால் நல்ல போகம்.

அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒன்றும் வேண்டாம். வெட்டின வயலில் மாடு மேயட்டும். நாடகம் பாருங்கள், தூங்குங்கள். உடனே அடுத்ததில் இறங்கினால், முடித்ததை யாரும் ருசி பார்க்காமல் போய்விடும். புது அரிசியில் புக்கை பொங்கிப் பங்கிட்ட பிறகுதானே மிச்சம் மூட்டைக்குப் போகும். அரங்கேற்ற ஆளையும் அண்ணாவியாரையும் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்த போகத்துக்குப் புதுக் கொப்பி வாங்க வேண்டாம். நேரக் கணக்கு 17 பக்கம், கிழமைக் குறிப்பு 15, காசு 4, பெயரும் வசனமும் 2, மொத்தம் 38. இன்னும் 42 பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.